வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கீமோ நடக்கும்போது: டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் கணவருக்குப் பெருங்குடலில் கேன்சர் என்று உறுதியான அன்று டாக்டர் எங்களிடம் இருபது நிமிடம் பேசினார். கட்டி, நிணநீர் முடிச்சு, ஆபரேஷன், அப்புறம் கீமோ. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு மணிக்கு ஸ்கூல் விட்டுடுமே, பிள்ளைகளை யார் கூட்டிட்டு வர்றது?"

அடுத்த எட்டு மாதம் எங்கள் வீடு ஓடியது இந்த மாதிரிக் கேள்விகளில்தான். மருந்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். டிபன் பாக்ஸை யார் கட்டுவது, வாசலில் பிரியாணிச் சட்டியோடு நிற்கும் உறவினரிடம் என்ன சொல்வது, ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைகளை யாரிடம் விடுவது? இதற்கெல்லாம் நாங்களே தட்டுத்தடுமாறித்தான் வழி கண்டுபிடித்தோம். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். அவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அப்போது மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைவிடப் பிள்ளைகளை அதிகம் கலங்க வைத்தது, எது எப்போது நடக்கும் என்று தெரியாமல் இருந்ததுதான். நாளைக்கு அப்பா எழுந்து நடப்பாரா, படுத்திருப்பாரா, யார் சோறு போடுவார்கள் என்பது முந்தின நாளே தெரிந்துவிட்டால் வீடு பாதி அமைதியாகிவிடுகிறது. கீழே இருக்கும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: டாக்டரிடம் வீட்டுக்கான கேள்விகளையும் கேளுங்கள்

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நோயைப் பற்றிய கேள்விகளை ஒரு பக்கத்திலும் வீட்டைப் பற்றிய கேள்விகளை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். மொத்தம் எத்தனை சுற்று? ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள்? எந்தெந்த நாட்களில் சோர்வு அதிகம்? கிருமியோடு போராடும் இரத்த வெள்ளணு எப்போது குறையும்? காய்ச்சல் எத்தனை டிகிரி வந்தால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், ராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்? முடி கொட்டுமா? சின்னப் பிள்ளை பக்கத்தில் படுக்கலாமா? இவர் கார் ஓட்டலாமா?

முடி பற்றிய கேள்வி வீண் கேள்வி என்று நினைத்து நான் கேட்காமல் விட்டேன். அவருக்குக் கொடுத்த மருந்தில் முடி கொஞ்சம் மெலியுமே தவிர முழுதாகக் கொட்டாது. கீமோ என்றால் மொட்டைத் தலை என்று டிவியில் பார்த்திருந்த என் மகன் ஒரு மாதம் அப்பாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டான்: "முடி கொட்டலையே, அப்போ மருந்து வேலை செய்யலையா?" அத்தனை நாளும் அந்தப் பயத்தை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான். முடி கொட்ட வைக்கும் மருந்துகளில் பெரும்பாலும் முதல் கீமோவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அது தொடங்கும். எதுவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

டர்பனில் அரசு மருத்துவமனை வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது. சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் போன்ற மருத்துவமனையிலிருந்து அனுப்புகைக் கடிதத்தோடுதான் போக வேண்டும். அந்தக் கடிதம், பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்னொரு பெரியவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

படி 2: பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்

என் மாமியார், பிள்ளைகளுக்கு அவர் ஆயா, அந்த நோயின் பெயரையே சொல்ல மாட்டார். "அந்த வியாதி" என்பார், அதையும் குரலைத் தாழ்த்தி. பேர் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடும் என்று அவர் காலத்தில் நம்பினார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கண்ட கேன்சர் எல்லாம் கடைசி நாளில் தெரிய வந்த கேன்சர்.

ஆனால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் தமிழில் தாழ்ந்த குரலில் பேசினால் தெரியாது என்று நினைக்கிறோம். பேசத்தான் அவர்களுக்குத் தயக்கம், கேட்டுப் புரிந்துகொள்வதில் குறையே கிடையாது. நாங்கள் நான்கு நாள் மறைத்தோம். நான்காம் நாள் மகள் வந்து, "அத்தை போன்ல அழுதாங்க, கேன்சர்னு சொன்னாங்க, யாருக்கு?" என்றாள்.

அதனால் எந்த மொழியில் பிள்ளை கனவு காண்கிறதோ அந்த மொழியில் சொல்லுங்கள், 'கேன்சர்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். பள்ளியிலும் டிவியிலும் அவர்கள் கேட்கப்போவது அதைத்தான். சும்மா 'உடம்பு சரியில்லை' என்று சொன்னால், அடுத்த முறை நமக்குச் சளி பிடிக்கும்போதும் பிள்ளை நடுங்கும்.

முடிந்தால் நோயாளியும் கூட இருக்கட்டும். தூங்கப் போகும் நேரம் வேண்டாம், ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். சனிக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு வயதுக்காரனிடம் ஏறக்குறைய இப்படிச் சொன்னோம்: "அப்பா வயித்துக்குள்ள ஒரு கட்டி இருந்துது. அதுக்குப் பேரு கேன்சர். டாக்டர் அதை வெட்டி எடுத்துட்டாங்க. திரும்ப வராம இருக்க மருந்து கொடுக்கப் போறாங்க. அந்த மருந்து அப்பாவைக் களைப்பாக்கும். நீ செஞ்ச எதனாலயும் இது வரல. தொட்டா, கட்டிப்பிடிச்சா உனக்கு ஒட்டிக்காது. தினமும் உன்னை யாரு பாத்துக்குவாங்கன்னு நாங்க சொல்லிக்கிட்டே இருப்போம்."

நீ செய்ததால் வரவில்லை என்பதை விடாமல் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைப்பார்கள். ஒருநாள் கோபத்தில் "போ அப்பா, உன்னைப் பிடிக்கல" என்று சொன்னதால்தான் நோய் வந்தது என்று என் மகன் நம்பியிருந்தான். மூன்றாவது முறை சொன்னபோதுதான் அது வெளியே வந்தது.

அப்புறம் அந்தக் கேள்வி. அப்பா செத்துப்போயிடுவாரா? சாக மாட்டார் என்று சத்தியம் செய்யாதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாமல் போகலாம், அதன்பின் பிள்ளை எதையும் நம்பாது. "சில பேர் கேன்சர்ல இறந்து போறாங்க. நிறையப் பேர் குணமாகுறாங்க. அப்பா குணமாகத்தான் டாக்டர் மருந்து கொடுக்குறாங்க. நிலைமை மாறினா உங்கிட்ட மறைக்க மாட்டோம், முதல்லயே சொல்லுவோம்." இதில் பொய் எதுவும் இல்லை. நோயைக் குணமாக்க முடியாது, கட்டுப்படுத்த மட்டும்தான் முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த வாக்கியங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். மறைக்க மாட்டோம் என்ற வாக்கு மட்டும் மாறக் கூடாது.

13 வயதுக்காரிக்கு வேறு விதம். அவளுக்கு விவரம் வேண்டியிருந்தது, எங்களுக்கு முன்பே இணையத்தில் தேடிவிட்டாள். நோட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "உன் கேள்வியையும் எழுது, டாக்டர்கிட்ட கேட்டு வந்து சொல்றேன்" என்றோம். எழுதினாள். அவள் எழுதிய கேள்விகளில் ஒன்று, இது பரம்பரையாக வருமா என்பது. டாக்டர் அதை மிகவும் மதித்துப் பதில் சொல்லி அனுப்பினார்.

படி 3: வீட்டை இருபத்தொரு நாள் காலண்டரில் ஓட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பல கீமோக்கள் மூன்று வாரச் சுழற்சியில் வரும். சில இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில வாராவாரம். என் கணவருக்கு முதல் நாள் ஊசி வழியாக மருந்து, பிறகு 14 நாள் மாத்திரை, அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. முதல் இரண்டு சுற்றிலும் ஒவ்வொரு நாளும் அவர் எப்படி இருந்தார் என்று ஒரே வரியில் எழுதி வைத்தேன். மூன்றாவது சுற்றில் எங்களுக்கே ஒரு வரைபடம் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையால் அவருக்குத் தூக்கமே வராது. ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியை அடுக்குவார். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். மூன்றாம் நாள் அந்த மாத்திரை நின்றதும் துணியைப் போட்டதுபோல விழுவார். ஆறாம் நாள் வரை படுக்கை. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பார்க்க நன்றாகத்தான் இருப்பார், ஆனால் பொதுவாக வெள்ளணு குறைந்திருக்கும் காலம் அதுதான், கிருமி எளிதில் தொற்றும். மூன்றாவது வாரம் எங்கள் பழைய அப்பா.

பெரிய காலண்டர் ஒன்றை ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டி மகனிடம் வண்ணப் பென்சில் கொடுத்தோம். படுக்கை நாட்கள் நீலம், கிருமி நாட்கள் மஞ்சள், நல்ல நாட்கள் பச்சை. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பள்ளியிலிருந்து கூட்டி வருபவர் பெயர், சமைப்பவர் பெயர். பிறந்த நாள், பீச், ஆசிரியர் சந்திப்பு எல்லாம் பச்சையில். ஸ்டீராய்டு நாட்களை மகளே சிவப்பாக்கினாள். "இன்னைக்கு அப்பா கத்தினா அது மாத்திரை பேசுது" என்று தம்பிக்கு அவள்தான் விளக்கினாள். அந்த நாட்களில் அவர் கத்தியதும் குறைந்தது. காலண்டரைப் பார்த்துவிட்டு அவராகவே தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

உங்கள் வீட்டுக் காலண்டர் வேறு மாதிரி இருக்கும். இரண்டு சுற்று பொறுமையாகக் கவனித்து எழுதுங்கள். சுற்றுகள் கூடக் கூடக் களைப்பும் சேர்ந்துகொண்டே போகும், நீலக் கட்டங்கள் நீளும். இரத்தப் பரிசோதனையில் அணுக்கள் குறைவாக இருந்தால் ஒரு சுற்று ஒரு வாரம் தள்ளிப்போவதும் சகஜம். 'மருந்து தள்ளிப்போனது' என்று கேட்டதும் பிள்ளைகள் பயப்படுவார்கள். இப்படி நடக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள், பென்சிலில் எழுதுங்கள்.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஒழுங்கு வேறு. பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். மேசையில் படுத்திருப்பது சில நிமிடம்தான், போய்வரும் பயணம்தான் நாளைத் தின்னும். அடுத்தடுத்த வாரங்களில் களைப்பு ஏறும். வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சால் நோயாளியின் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு கதை. அதில் சில நாள் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். லேடிஸ்மித், போர்ட் ஷெப்ஸ்டோன் போன்ற ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் டர்பன் வர வேண்டியவர்கள் கேன்சா என்ற கேன்சர் உதவி அமைப்பிடம் தங்கும் வசதியைப் பற்றிக் கேளுங்கள். 1931 முதல் இந்த நாட்டில் இயங்கும் அமைப்பு அது. வெளியூர் நோயாளிகளுக்கான இல்லங்களும் ஆதரவுக் குழுக்களும் நடத்துகிறது.

படி 4: நடுராத்திரித் திட்டம்

கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் அவசரம். விடியட்டும் பார்க்கலாம் என்பது கிடையாது. வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நம் வீடுகளில் காய்ச்சல் என்றதும் கை தானாகப் பனாடோவுக்கு, அதாவது பாராசிட்டமால் மாத்திரைக்கு, போகும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். உடம்பு நடுங்கினால், தெர்மாமீட்டர் 37.5 காட்டினாலும் கூப்பிடுங்கள்.

வாசல் பக்கம் ஒரு பை தயாராக இருக்கட்டும். மருந்துப் பட்டியல், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) அட்டை, போன் சார்ஜர், ஒரு மாற்றுத் துணி. ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, "எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து பிள்ளைகளோடு படுக்க வேண்டும்" என்று கேட்டு வையுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். காலையில் எழுந்தால் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, சோபாவில் சித்தப்பா படுத்திருக்கிறார் என்றால், ராத்திரி காய்ச்சல் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரி போயிருக்கிறோம், வேறு எதுவும் இல்லை. எங்களுக்கு நான்காவது சுற்றில் அது நடந்தது. மகன் எழுந்து, சித்தப்பாவைப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனானாம்.

படி 5: சமையலறை

டர்பன் கறியின் காரம் உங்களுக்குத் தெரியும். வாய்ப்புண் வந்த அன்று அது முழுதாக நின்றது. எங்களைக் காப்பாற்றியது கூழ். ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் அதே கூழை, புளிக்க வைக்காமல், சுடச் சுடக் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, உப்புப் போட்டுக் கொடுத்தேன். பிறந்தது முதல் அவர் நாக்குக்குப் பழகியது என்பதால் மறுக்கவில்லை. பருப்பும் குழைந்த சோறும், முட்டையை நன்றாக வேகவைத்து மசித்தது, தயிருக்குப் பதில் சில நாள் மோர் ரசம். வெறும் வயிற்றில் குமட்டல் கூடும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள். வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும். வாயில் இரும்பு வாடை அடிக்கிறது என்றால் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.

வெங்காயம் தாளிக்கும் வாசனையே குமட்டும் நாட்களில் நோயாளி படுத்திருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளி அடுப்பில் சமைத்தேன். நீல நாட்களுக்கான குழம்பைப் பச்சை வாரத்திலேயே செய்து ஃப்ரீஸரில் வைத்தேன், அவருக்கு என்று வைத்ததில் மிளகாய் இல்லாமல். சமைத்த சோற்றை வெளியே வைத்திருந்து மறுநாள் பழையதாகக் கொடுக்கும் பழக்கத்தைச் சிகிச்சை முடியும் வரை மறந்துவிடுங்கள். சோற்றில் வளரும் கிருமி நமக்கு வயிற்றுவலி, அவருக்கு ஆஸ்பத்திரி. வேகாத முட்டை, சரியாகக் கழுவாத கொத்தமல்லி, பிராயில் (திறந்தவெளி நெருப்பில்) பாதி வெந்த இறைச்சி, இவையும் வேண்டாம்.

அவர் மருந்துக்கு இன்னொரு தொல்லை. ஊசி போட்ட சில நாளைக்குக் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும், குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகுவது போலிருக்கும். டர்பன் ஜனவரி வெயிலில் எல்லோரும் ஐஸ் போட்டுக் குடிக்கும்போது அவர் வெதுவெதுப்பான ரூய்பாஸ் மூலிகைத் தேநீர் குடித்தார். ஃபிரிட்ஜிலிருந்து அப்பாவுக்கு வேண்டியதை எடுத்துத் தருவது மகனின் வேலையானது. சின்னப் பிள்ளைக்கு இப்படி ஒரு உண்மையான வேலை கொடுங்கள். அவன் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

படி 6: கழிப்பறை, துணி, மாத்திரை

கீமோ மருந்தின் பெரும் பகுதி முதல் 48 மணி நேரத்தில் உடம்பிலிருந்து வெளியேறும். அந்த நேரத்தில் கழிப்பறைக் கோப்பையின் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் இதைச் சொல்லிக் கையுறை கொடுங்கள், அவருக்குத் தெரியாமல் விடுவது நியாயமில்லை. சில மருந்துகள் சிவப்பு நிறம், அதனால் சிறுநீரும் சிவக்கும், பிள்ளை பார்த்தால் இரத்தம் என்று அலறும். கீமோ மாத்திரைகள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஆசையாக எடுத்துக் கொடுக்க வரும் பிள்ளையிடம் தண்ணீர் டம்ளரை மட்டும் கொடுங்கள்.

படி 7: உறவினர், வேண்டுதல், கைவைத்தியம்

நம் ஆட்கள் அன்பைச் சட்டியில்தான் கொண்டு வருவார்கள். முதல் வாரம் பதினொரு வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நாற்பது பேர் வந்து உட்கார்ந்து, யார் யாருக்கு இதே நோய் வந்து என்ன ஆனது என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் போட்டே என் கால் வீங்கியது.

நாங்கள் என் நாத்தனாரை வாசற்காவலாக வைத்தோம். செய்தி எல்லாம் அவர் வழியாக வாட்ஸ்அப்பில் போகும், வருகிறவர்கள் அவரைக் கேட்டுத்தான் வர வேண்டும். மஞ்சள் நாட்களில் யாரும் கிடையாது. இருமலோடு வருபவருக்கு வாசலோடு சரி. "என்ன உதவி வேணும், சொல்லுங்க" என்பவர்களுக்கு அவரே வேலையைப் பிரித்துக் கொடுத்தார்: செவ்வாய் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, வியாழன் மிளகாய் இல்லாத பருப்பு, சனிக்கிழமை மகனைக் கால்பந்துக்கு அழைத்துப் போவது. உறவில் பெரியவராக, கொஞ்சம் கண்டிப்பானவராக ஒருவரை இதற்குப் பிடியுங்கள். நோயாளியின் மனைவி சொன்னால் மனஸ்தாபமாகும், மூத்த அக்கா சொன்னால் கேட்பார்கள்.

வேண்டுதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று அவர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். தைப்பூசம் வந்தபோது ஆறாவது சுற்று. அந்த மருந்தால் அவர் பாதங்களில் உணர்ச்சி மரத்திருந்தது. வெறுங்காலோடு கொதிக்கும் தார் ரோட்டில் நடந்தால் கொப்புளம் வந்தது கூடத் தெரியாது. வேல் குத்தினால் அணுக்கள் குறைந்த உடம்பில் இரத்தம் நிற்காமல் போகலாம், கிருமி நுழையலாம். தீமிதிக்கும் இதே காரணம்தான். கோயில் பெரியவரிடம் போய்ச் சொன்னோம். அவர் யோசிக்கவே இல்லை, "தம்பி எடுக்கட்டும், நீ குணமாகி வந்து எடு, முருகன் எங்கேயும் போகமாட்டான்" என்றார். கொழுந்தன் காவடி எடுத்தார், இவர் காரில் உட்கார்ந்து பார்த்தார். ஈஸ்டர் சமயத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம் மாதிரி இடங்களுக்கு வெள்ளணு குறைந்த வாரத்தில் போகாதீர்கள். பச்சை நாளில், கூட்டமில்லாத காலை நேரத்தில் போய் ஒரு கற்பூரம் ஏற்றுங்கள். எங்கள் பக்கத்து வீட்டார் பெந்தகொஸ்தே சபைக்காரர்கள், வாரம் ஒருமுறை எங்கள் வாசலில் நின்று ஜெபித்துவிட்டுப் போவார்கள். அதையும் நாங்கள் இரு கையாலும் வாங்கிக்கொண்டோம்.

கைவைத்தியம் வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் காப்ஸ்யூல், வேப்பிலைக் கஷாயம், இந்த ஊர்ப் புதர்ச்செடியான 'கேன்சர் புஷ்'. செடியின் பேரில் கேன்சர் இருப்பதால் அது கேன்சரைக் குணமாக்கும் என்று ஆகாது. சமையலில் போடும் மஞ்சளுக்கு ஒன்றுமில்லை. காப்ஸ்யூல், கஷாயம், விட்டமின் எதுவாக இருந்தாலும் விழுங்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் மருந்தின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும்.

படி 8: பள்ளி

வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கீமோ தேதிகளையும் கொடுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் உடனே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் பிள்ளை வழியாக அது வீட்டுக்கு வந்துவிடும். அப்படி வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு ஒரு பள்ளியில் அந்தத் தகவல் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அதனால் இப்போது மற்ற அம்மாக்களின் குழுவிலும் சொல்லி வைக்கச் சொல்வேன். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதும் பிள்ளை இருந்தால் ஆண்டின் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

படி 9: லீவும் பணமும்

இந்த நாட்டுச் சட்டப்படி, வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 36 மாதத்தில் 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. எட்டுச் சுற்றுக்கு அது போதாது. அதை நீல நாட்களுக்கு மட்டும் செலவழிக்க முதலாளியிடம் காலண்டரைக் காட்டிப் பேசுங்கள். துணைவருக்கான நிலைமை இன்னும் கடினம். குடும்பப் பொறுப்பு விடுப்பு ஆண்டுக்கு 3 நாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதை எடுக்கலாம், கணவனுக்கோ மனைவிக்கோ உடம்பு சரியில்லை என்று எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனக்கு அது தெரிந்தபோது அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். உங்கள் கம்பெனியின் ஒப்பந்தம் சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கலாம், படித்துப் பாருங்கள். நான் என் ஆண்டு விடுப்பை அரை நாள் அரை நாளாக எடுத்தேன்.

சம்பளம் குறையும்போது வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப்பில் நோய்க்கால உதவி உண்டு. பல மாதம் வேலை செய்யவே முடியாத நிலையில், குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் அரசின் சமூக உதவி நிறுவனமான சாசாவிடம் தற்காலிக ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு பார்ப்பார்கள். மெடிக்கல் எய்ட் இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே அவர்களுடைய கேன்சர் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி குணமாக்கக்கூடிய பல கேன்சர்களுக்கான சிகிச்சை எல்லாத் திட்டங்களும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் சேரும். திட்டம் குறிப்பிடும் மருத்துவமனைக்குப் போகாவிட்டால் மீதியை நீங்கள் கட்ட நேரலாம். வீட்டுக் கடனோடு சேர்ந்த காப்பீடு, என்றோ எடுத்து மறந்த கடும் நோய் பாலிசி, இவற்றையும் இழுப்பறையிலிருந்து எடுத்துப் படியுங்கள். உயில் எழுதவில்லை என்றால் எழுதிவிடுங்கள். கெட்ட சகுனம் என்று ஆயா அழுதார், அவர் மகனே உட்கார்ந்து பேசிச் சமாதானம் செய்தார்.

படி 10: ஊரிலிருந்து அம்மாவை எப்போது வரவழைப்பது

என்னைப் போல் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது. செய்தி கேட்டதும் அம்மா அன்றே கிளம்புவேன் என்பார். விசிட்டர் விசா பொதுவாக 90 நாள் வரைதான். தொடக்கத்தில் அக்கம்பக்கம் எல்லோரும் ஓடி வருவார்கள். நான்காவது ஐந்தாவது மாதத்தில் சட்டிகள் நின்றுபோகும், களைப்பு உச்சத்தில் இருக்கும். அம்மாவின் 90 நாளை அதற்காக வைத்திருங்கள். என் அம்மா ஐந்தாவது சுற்றில் வந்தார். ஆயாவும் அம்மாச்சியும் ஒரே சமையலறையில் இருப்பது பற்றி எனக்குப் பயம் இருந்தது. காலைச் சமையல் ஒருவர், ராத்திரிச் சமையல் ஒருவர் என்று காலண்டரிலேயே எழுதிவிட்டோம்.

படி 11: மூத்த பெண்ணைப் பாருங்கள், உங்களையும்

நம் வீடுகளில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் மூத்த மகள் அம்மாவாகிவிடுவாள். எல்லோரும் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று பாராட்டுவார்கள். என் மகள் தம்பிக்குக் குளிப்பாட்டி, சோறு போட்டு, அப்பாவின் மாத்திரை நேரத்தையும் பார்த்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து அவள் தோழிகள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தேன். அன்றே அவளிடமிருந்து பாதி வேலையைத் திரும்ப வாங்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடையது, என்ன ஆனாலும். பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மதிப்பெண் சரிகிறது, அல்லது அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாக இருக்கிறது என்றால் பேச ஆள் தேடுங்கள். சைல்ட்லைன் 116க்குப் பிள்ளைகளே இலவசமாகப் பேசலாம்.

கவனித்துக்கொள்பவருக்கும் உடம்பு உண்டு. நான் என் சர்க்கரை மாத்திரையை ஆறு வாரம் மறந்திருந்தேன். வலி, வாந்தி அடங்காத வீடுகளுக்கு ஹாஸ்பிஸ் என்னும் வலிதணிப்புப் பராமரிப்பு அமைப்பின் நர்ஸ் உதவுவார். சாட்ஸ்வொர்த்திலேயே ஹாஸ்பிஸ் இருக்கிறது. கடைசி நாளுக்கு மட்டும்தான் ஹாஸ்பிஸ் என்று நினைத்து வலியோடு கிடக்காதீர்கள்.

படி 12: கடைசிச் சுற்றுக்குப் பிறகு

கடைசி மாத்திரையோடு எல்லாம் முடிந்தது என்று வீடே நினைக்கும், கேக் வெட்டும். அதன்பின் மாதக்கணக்கில் களைப்பு இருக்கும், அவருக்குப் பாத மரப்பு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. பிள்ளைகள் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் இப்போதுதான் வெளியே வரும். மகன் அப்பா குணமான பிறகுதான் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நின்றுவிடும் என்று எங்களிடம் சொன்னார்கள், நின்றது.

சில மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். முடிவு வரும் வரையிலான நாட்கள் மோசமானவை. அந்தத் தேதிகளையும் நாங்கள் காலண்டரில் எழுதுகிறோம், முடிவு வரும் நாளோடு. அதற்கென்று ஒரு நிறம் வேண்டும் என்று மகன் ஊதாவைத் தேர்ந்தெடுத்தான். ஊதா நாளில் பள்ளி விட்டதும் வாசலில் அப்பாவே வந்து நிற்பார், முடிவு எதுவானாலும் காரிலேயே சொல்லிவிடுவார். அதை அவன் தன் கையாலேயே கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறான்: 'அப்பா, ரெண்டு மணி.'